ஒரு நிமிடத்துக்குள் வராத சொல்

உக்குவளை ரயில்வே கேட் மூடியிருந்தது. மழைக்கு மட்டும் எந்தக் கேட்டும் இல்லை.

மபாஸா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தாள். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். டீச்சர் வராத மூன்றாம் வகுப்பு என்ன பாடுபடும் என்பது அந்த டீச்சருக்குத்தான் தெரியும்.

"மிஸ்... முஸ்லிம் ஸ்கூலுக்கு எப்பிடிப் போறது?"

திரும்பினாள். குடை இல்லாத ஒருவன். தன் பைக்கு மட்டும் பொலித்தீன் உறை போட்டுவிட்டு, தான் சொட்டச் சொட்ட நின்றான். இமையில் மழைத்துளிகள்... அதற்குக் கீழே இரண்டு அவசரக் கண்கள். அவசரமாக இருந்தாலும் அழகாக இருந்தன. அதுதான் வம்பு.

வகுப்பில் ஓயாமல் பேசுகிறவள்தான் மபாஸா. தெரியாத மனிதர் முன்னால் மட்டும் அவள் நாக்கு முரண்டு பிடிக்கும். சிறு வயதிலிருந்தே அப்படி.

"வ... வ... வ..."

வலது பக்கம் திரும்புங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"வளைவத் தாண்டியா? ஓ, விளங்கிட்டு! தேங்க்ஸ் மிஸ்!"

ரயில் போனது. கேட் திறந்தது. அவன் இடது பக்கத்து வளைவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனான். விளங்கிட்டாம்! மபாஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் சொல்லை இன்னொருவர் பறித்து முடித்துவைக்கும்போது வருகிற அந்தப் பழைய எரிச்சல்தான் வந்தது.

முதலாவது பாடம் முடியும் நேரத்தில் பள்ளி அதிபர் ரவூப் சேர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில், நனைந்த கோழி மாதிரி அவனே நின்றான்.

"இவர் முஸம்மில். கலேவெலப் பக்கம். பேராதனை யுனிவர்சிட்டில ஆராய்ச்சி செய்றார். நம்மட தமிழ்மூலம் படிக்கிற பிள்ளைகள் எப்பிடி வாசிக்கிறாங்கன்னு அளக்க ஒரு பரீட்சை தயாரிக்கிறாங்களாம். இந்தக் கிழமை முழுக்க, வெள்ளி வரைக்கும், கூட இருந்து மார்க் போட நீங்க ஒதவுங்க டீச்சர்."

முஸம்மில் அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"டீச்சர்... நீங்க சொன்ன வளைவுல போனா ஆறுதான் வந்திச்சு."

"நான் எங்க சொன்னேன்? நீங்களே கேட்டீங்க, நீங்களே பதில் சொன்னீங்க, நீங்களே போனீங்க!"

ரவூப் சேர் பைலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். வெளியே வந்த பிறகுதான் மபாஸாவுக்கு உறைத்தது. ஒரு தெரியாத ஆளிடம் இத்தனை சொற்கள்... ஒன்றுகூடத் திக்கவில்லையே!

நூலக அறையின் மூலையில் பரீட்சை நடந்தது. பிள்ளை ஒரு கதையைச் சத்தமாக வாசிக்கும். முஸம்மிலின் கழுத்தில் தொங்கும் ஸ்டொப் வோச் ஒரு நிமிடம் ஓடும். அவனும் அவளும் முகம் பாராமல் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்து, பிழையாக வாசித்த சொற்களைத் தனித்தனியே குறிப்பார்கள். பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. தாள்களை உறையில் போடும்வரை அந்தப் பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது.

"எதுக்கு ரெண்டு பேர்? உங்கட காதுல உங்களுக்கே நம்பிக்கை இல்லியா?" என்று முதல் நாள் கேட்டாள்.

"இல்லதான். காலைல வீட்டுல ஏச்சு வாங்கிட்டு வந்தா, அதுவும் மார்க்குல வந்துரும். ரெண்டு பேர் பேசிக்காம, தனித்தனியாக் கேட்டு, ஒரே முடிவுக்கு வந்தாத்தான் நம்பலாம்."

"அப்ப கல்யாணம் பேச வாரவங்களுக்கும் இந்தப் பரீட்சையக் குடுக்கலாம்."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்களில் அவசரம் இருக்கவில்லை. மபாஸா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்... வெளியே தூறல், உள்ளே என்னவோ.

பின்னேரங்களில் தாள்களை ஒப்பிட்டால் இருவரும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள். "நல்லா ஒத்துப்போகுது டீச்சர்" என்று அவன் தாளைப் பார்த்தே சொல்வான். அவளுக்குத்தான் காது சூடாகும்.

வீட்டில் உம்மா ஸஜீதாவுக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமை அக்குறணையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த இரண்டு குடும்பமும், மபாஸா தன் பெயரைச் சொல்லத் திணறியதைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள். பிள்ளைக்கு ஏதோ வருத்தமாம், நோயாம் என்று பிறகு ஊரெல்லாம் கதை.

"இந்த முறை வாயத் திறக்காத மகள். என்ன கேட்டாலும் தலைய ஆட்டு. வெக்கம்னு நெனச்சிக்குவாங்க."

"கல்யாணத்துக்குப் பொறகும் தலைய ஆட்டிக்கொண்டே இரிக்கவா உம்மா?"

"அத மறுகா பாத்துக்கலாம்."

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் மபாஸா சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். ஆயுள் முழுக்க வாய் மூடியிருக்கச் சம்மதித்துவிட்டோமோ என்ற பயம் மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

வியாழக்கிழமை அஸ்ராவின் முறை வந்தது. வகுப்பிலேயே அதிகம் வாசிக்கிற பிள்ளை. ஆனால் அவளுக்கும் திக்கும். புது மாமா ஒருவர் கையில் மணிக்கூட்டோடு இருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். "கு... கு... கு..." நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் கழுத்து நரம்பு புடைப்பதை மபாஸா பார்த்தாள். அந்த நரம்பு தன் கழுத்தில் இருப்பது போல வலித்தது.

"குருவி" என்று மெல்லச் சொல்லிவிட்டாள்.

ஸ்டொப் வோச் நின்றது. முஸம்மில் அஸ்ராவை அன்பாகத் தட்டிக்கொடுத்து வகுப்புக்கு அனுப்பினான். பிறகு இரண்டு தாள்களிலும் குறுக்கே கோடு போட்டான்.

"ஏன் சொல்லிக் குடுத்தீங்க? இது இனிச் செல்லாது டீச்சர்."

"அவளுக்கு அந்தச் சொல் தெரியும்!"

"இரிக்கலாம். ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா மத்தப் பிள்ளைகளுக்கு அநியாயம். எல்லாருக்கும் ஒரே அளவு இல்லாட்டி அது அளவே இல்ல."

"நீங்க அளக்குறது அவள்ட வாசிப்பையா, நாக்கையா? அந்த மணிக்கூடு ஓடுறதப் பாத்தா எப்பிடி இரிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும்... எனக்கும் தி... தி..."

கோபத்தில் தடையில்லாமல் ஓடிய நாக்கு, உண்மையைச் சொல்லப் போனதும் நின்றுவிட்டது.

"உங்களுக்கும் திக்குமா?" என்றான் அவன், இரக்கத்தோடு.

அந்த இரக்கம்தான் சுட்டது. மறுபடியும் அவள் சொல்லை அவனே முடித்துவிட்டான். கேட்டருகில் செய்த அதே வேலை. மபாஸா பேனையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். இவனும் அந்த இரண்டு குடும்பத்தையும் போலத்தான்... இவனுக்காகவா காது சூடானது? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். போகாமல் விட்டால் என்ன என்று நினைத்தாள். ஆனாலும் போனாள். அவன் முன்னமே வந்திருந்தான். தூங்காத கண்கள்.

"புரொபெசரோட பேசினேன். நேத்துத் தாள் செல்லாததுதான், அத மாத்த ஏலாது" என்று ஆரம்பித்தான்.

"ஓ. நான் செஞ்சது பிழைதான்" என்றாள் அவள். அதில் அவளுக்கு வெட்கமில்லை.

"என்டதும் பிழைதான். ரெண்டு பேர் ஒத்துப்போனா அளவு சரின்னு நெனச்சேன். ஆனா ரெண்டு பேரும் சேந்து வேற எதையோ அளந்திரிக்கோம்... திக்குற பிள்ளைகள் சத்தமில்லாம வாசிச்சு, கேள்விக்குப் பதிலான படத்துல விரல வச்சாப் போதும். இனி எல்லா ஸ்கூல்லயும் இப்பிடித்தான்னு புரொபெசரும் சொல்லிட்டார். நிமிஷக் கணக்கும் எடுப்போம், ஆனா அத வேற மார்க்கா வைப்போம்."

அஸ்ரா வந்தாள். மனத்துக்குள் வாசித்தாள். அவள் விரல் படத்துக்குப் படம் தாவியது... ஒரு இடத்திலும் பிழைக்கவில்லை. கடைசிப் படத்தில் விரலை வைத்துவிட்டு, நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். விதி விதிதான் என்று மபாஸா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். தாள்கள் உறைக்குள் போன பிறகுதான் கண்ணைத் துடைத்தாள். முஸம்மில் அதைப் பார்க்காதவன் போல் உறையை ஒட்டிக்கொண்டிருந்தான்.

பின்னேரம் கேட் மூடியிருந்தது. மழையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இந்த முறை அவன் கையில் குடை இருந்தது. அவளிடமிருந்து தள்ளி, மரியாதையான தூரத்தில் நின்றான்.

"டீச்சர், ஒன்டு சொல்லணும். உங்கட சொல்ல ரெண்டு தரம் நான் பறிச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க."

அவள் குடையைச் சற்று உயர்த்தி அவனைப் பார்த்தாள்.

"இன்னொன்டும் இரிக்கு. இந்தக் கிழம முழுக்க உங்களத் திரும்பிப் பாக்காம இரிக்க நெறயக் கஷ்டப்பட்டேன். எங்கட உம்மாவ உங்கட வீட்டுக்கு அனுப்பட்டுமா? உங்களுக்கு... உங்களுக்கு என்ன முடிவுன்னு எனக்குத் தெரியா. நான் தனியா எடுத்த முடிவு இது."

தூரத்தில் ரயில் ஊதியது. பதில் அவளிடம் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. தலையை ஆட்டினால் போதும், அவனுக்கு விளங்கிவிடும்... உம்மா சொல்லிக் கொடுத்ததும் அதுதானே! அவள் தலையை ஆட்டவில்லை.

"வி... வி... வி..."

அவன் வாய் திறந்தது. அந்தச் சொல் அவன் நாக்கின் நுனியில் நிற்பது அவளுக்கே தெரிந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். கழுத்தில் தொங்கிய ஸ்டொப் வோச்சைக் கழற்றிப் பைக்குள் போட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரயில் வந்தது, போனது. கேட் திறந்தது. பின்னால் ஒரு ஓட்டோ ஹோன் அடித்தது, இன்னொன்று சேர்ந்துகொண்டது, யாரோ சிங்களத்தில் ஏசிவிட்டுப் போனார். அவன் நகரவில்லை. அந்தக் கண்களில் இப்போது எந்த அவசரமும் இல்லை.

"வி... வி... விருப்பம்" என்றாள் மபாஸா. முழுச் சொல்லும் அவளுடையதாகவே வந்தது. "எனக்கும் வி... விருப்பம்."

முஸம்மில் கண்களைத் தாழ்த்திக்கொண்டான். "ஒத்துப்போகுது" என்றான், குரல் தடுமாற.

"ஞாயிறு அக்குறணையில இருந்து வாரவங்களுக்கு வேணாம்னு இன்டைக்கே நான் உம்மாக்கிட்ட சொல்லணும். அதுக்குப் பொறகு உங்கட உம்மாவ வரச் சொல்லுங்க. ஆனா..."

"ஆனா?"

"நான் வாய மூடிக்கொண்டு இரிக்க மாட்டேன். என்ட பேர நானேதான் சொல்லுவேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும் கேக்கணும்."

"எங்கட உம்மாக்கு அவசரமே இல்ல" என்றான் அவன். "எனக்கும் இல்ல."

அவள் கேட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தாள். உம்மாவிடம் சொல்ல வேண்டிய முதல் சொல்லை, மழைச் சத்தத்தினூடே மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.