தட்டின் மேல் கை

பகல் சாப்பாட்டு மணி அடித்ததும் தூத்துக்குடி தொலைமாலுமி நிலையத்தின் ஆறு பெண்களும் ஆளுக்கொரு கடலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள். ஜுலைகாவின் கப்பல் வடகடல் ஒன்றில் பனிக்கட்டிகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தது. பேச்சித்தாயின் கப்பல் ஆப்பிரிக்கக் கரையோரம் கோதுமை சுமந்து போனது. கப்பல்களில் ஆள் கிடையாது. ஓட்டுகிறவர்கள் இங்கே, ஏசி ஹாலில், ஸ்கிரீன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை தானியங்கி பார்த்துக்கொள்ளும்.

கொரற்றி அக்கா சாளை மீன் குழம்பு கொண்டுவந்து கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கியிருந்தாள். அடுத்த வாரம் ஓய்வு பெறப் போகிறவள். தினம் ஒரு குழம்போடு வருகிறாள். அவள் பரிமாற ஆரம்பித்தால் கைக்குக் கணக்கே கிடையாது. ஜுலைகாவுக்கு இரண்டு கரண்டி விழுந்தது. மூன்றாவது வருவதற்குள் அவள் தட்டின் மேல் உள்ளங்கையை விரித்துவிட்டாள்.

"ஏட்டி, முள்ளில்லாத துண்டு ளா. ஒண்ணே ஒண்ணு."

ஜுலைகா தலையை மட்டும் ஆட்டினாள். கையை எடுக்கவில்லை. அடுத்தவளும் அப்படியே. பேச்சியும் அப்படியே. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். அந்தச் சொல்லை இந்த ஹாலில் யாரும் சொல்வதில்லை. சூடான குழம்பு பட்டுப் பட்டு எல்லாருடைய புறங்கையிலும் இரண்டொரு வடு இருந்தது.

ஒவ்வொருத்தி இடது காதிலும் மிளகு அளவில் ஒரு செவிமணி. அதை யாரும் கட்டாயப்படுத்தி மாட்டிவிடவில்லை. பெண்களே போராடி வாங்கியதுதான். சம்பளத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய காரணத்துக்காக எத்தனையோ பெண்களை வேலையை விட்டுத் துரத்திய காலம் ஒன்று இருந்தது. 'பேசுவோம், பேசியதற்குச் சாட்சியும் வேண்டும்' என்று கேட்டார்கள். சட்டம் வந்தது. செவிமணியும் வந்தது. சம்பளம் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் அது கேட்டு, நிகரி என்ற கணினி மூளையிடம் சேர்த்துவிடும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றிருந்தால் நிகரி அதைச் சரிசெய்யும். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஆனால் கம்பெனி வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? ஒரே ஒரு வரியைச் சட்டத்துக்குள் நுழைத்துவிட்டார்கள். சம்பளப் பேச்சின்போது எந்தப் பெண்ணாவது 'போதும்' என்று சொன்னால் அது நிறைவுப் பதிவு. பதிவாகிவிட்டால் அவளுக்கு மட்டுமல்ல, அதே வேலை செய்யும் அவள் அணி முழுவதற்கும் பத்து வருஷத்துக்குச் சம்பளம் அசையாது. ஒருத்திக்குப் போதுமானது, அதே வேலை செய்யும் இன்னொருத்திக்கு எப்படிப் போதாமல் போகும்? சமத்துவம்தானே கேட்டீர்கள், இந்தாருங்கள் சமத்துவம்!

வேறொரு துறைமுகத்தில் இன்க்ரிமென்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி, டீ ஊற்றிய பெண்ணிடம் 'போதும்மா' என்றாளாம். அவ்வளவுதான், பதினெட்டுப் பேர் சம்பளம் உறைந்துபோனது. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்த ஆறு பேரும் அந்தச் சொல்லை வாயிலிருந்தே துடைத்துவிட்டார்கள். வீட்டிலும் சொல்வதில்லை. பேச்சியின் மகள் செவ்வந்திக்கு ஏழு வயது. அவளும் சோறு திகட்டினால் தட்டில் கை வைக்கிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அது என்ன பழக்கம் என்று கேட்டிருக்கிறார்.

"மணியாச்சு ளா," என்றாள் கொரற்றி. "நாக்கக் கட்டிக்கிட்டு வாங்க."

அன்றைக்குத்தான் திறந்த பேச்சு. அணியிலுள்ள ஒவ்வொருத்தியும் மற்றவர்கள் முன்னால் தன் சம்பளத்தையும், இதுவரை சம்பாதித்ததையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை அந்தச் சொல் விழாமலிருந்தால், மேல்மாடியில் இதே கப்பல்களை ஓட்டும் ஆண்களின் சம்பளம் மறுநாளே இவர்களுக்கும் வந்துவிடும்.

பேச்சிக்கு அந்த மறுநாள் வந்தே ஆக வேண்டும். புருஷனை விட்டு வந்ததிலிருந்து அவளும் மகளும் அண்ணன் வீட்டு ஹாலில் படுக்கிறார்கள். டிவி அணைந்த பிறகுதான் பாய் விரிக்கலாம். மதினி ஒன்றும் சொல்வதில்லை. பெருமூச்சு மட்டும் விடுவாள். அந்தப் பெருமூச்சைக் கேட்பதற்குக் கன்னத்தில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். மில்லர்புரத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறாள். இந்தக் காலத்து வாடகை வீட்டுக் கதவு சாவிக்குத் திறப்பதில்லை, சம்பளத்துக்குத்தான் திறக்கிறது. போன மாதம் பேச்சி கதவில் கை வைத்ததும் 'வருமானம் குறைவு, மன்னிக்கவும்' என்று அது மரியாதையாகச் சொன்னது. செவ்வந்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, தான் படுக்கப்போகும் மூலையைத் தேர்ந்தெடுத்துவிட்டே வந்தாள்.

சின்ன அறை, வட்ட மேசை. ஜுலைகா முதலில் பேசினாள். குரல் நடுங்கினாலும் தொகையைத் தெளிவாகச் சொன்னாள். அடுத்தடுத்து மூன்று பேர். பேச்சியின் முறை வந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து ஸ்கிரீனில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவர்களிடம் சம்பளத்தைச் சொல்ல என்ன வெட்கம்? இருந்தது. சொன்னதும் உடம்பே லேசானது போலிருந்தது. எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே தொகை. ஒருத்திக்குக் கூடக் கொடுக்கிறார்கள் என்று இத்தனை நாள் ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டதெல்லாம் வீண்.

"அட லூசுகளா," என்று ஜுலைகா சிரித்தாள். "ஒருத்திய ஒருத்தி சும்மால்லா முறைச்சிருக்கோம்."

கடைசியாகக் கொரற்றி. அவள் தன் சம்பளத்தைச் சொன்னாள். பிறகு முப்பத்தோரு வருஷத்துச் சம்பாத்தியத்தைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சட்டமும் அவ்வளவுதான் கேட்டது. ஆனால் வாழ்நாளெல்லாம் பேசாத வாய் திறந்தால் சும்மா மூடுமா?

"மேல்மாடியில இருக்கானுவள்ளா, அதுல மூணு பேருக்குச் சுக்கான் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவனுவ சம்பளம் நேத்துத்தான் எனக்குத் தெரியும். கூட்டிக் கழிச்சுப் பாத்தேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எம்மவன் ராயனுக்கு இன்ஜினியரிங் சீட்டு கெடச்ச வருஷம். பீஸ் கட்ட முடியல. பதினெட்டு வயசுல துபாய்க்கு அனுப்பி வச்சேன், சாரம் கட்டுத வேலைக்கு. அந்த வருஷம் அவனுவளுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் இருக்குல்லா? அது அந்த பீஸைவிடக் கூட ளா."

கொரற்றி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு வார்த்த கேக்கல. சம்பளத்தப் பேசுத பொம்பள என்ன பொம்பளன்னு நெனச்சேன். ஏர்போர்ட்டுல எம்புள்ள சொன்னான், அம்மா ஒனக்கு முடிஞ்சதத்தான செஞ்சன்னு. எனக்கு முடிஞ்சிருக்கும் ளா! முடிஞ்சிருக்கும்! சாரத்துலேர்ந்து விழுந்தவன பெட்டியிலதான..."

அவளுக்கு மூச்சு முட்டியது. வாய் கோணியது. மேலே சொல்ல வார்த்தை வராமல், நிறுத்தவும் முடியாமல், மேசையில் கையால் அடித்துக்கொண்டாள். பேச்சி எழுந்து ஓடிப்போய் அவள் தலையை இழுத்துத் தன் மார்பில் அணைத்துக்கொண்டாள்.

"போதும்க்கா," என்றாள். "போதும். அழாத."

ஆறு காதுகளிலும் ஒரே நேரத்தில் சின்னதாக, இனிமையாக ஒரு மணி அடித்தது.

"நிறைவு பதிவு செய்யப்பட்டது," என்றது நிகரி. "உங்கள் அணிக்கு வாழ்த்துகள்."

பேச்சிக்கு முதலில் புரியவில்லை. ஜுலைகாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஐயோ என்று தலையில் கை வைத்தாள். சுவரில் இருந்த முறையீட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

"தப்பு! நான் அதச் சொல்லல. அக்கா அழுதா. அவ பேசுனது போதும்னுதான் சொன்னேன், சம்பளம் போதும்னு சொல்லவே இல்லையே!"

மணி மறுபடி அடித்தது.

"உறுதிப்படுத்தியமைக்கு நன்றி. நிறைவு நான்கு முறை பதிவாகியுள்ளது. உரையாடலின் பொருள்: சம்பளம். வேறு ஐயம் உண்டா?"

ஜுலைகா பாய்ந்து வந்து பேச்சியின் வாயைப் பொத்தினாள். இனிப் பொத்தி என்ன ஆகப் போகிறது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள்.

யாரும் பேச்சியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொரற்றி அவள் கன்னத்தைத் தொட்டு, "எனக்காகத்தான ட்டி சொன்ன," என்றாள். புதுச் சம்பளத்தோடு கூடியிருக்க வேண்டிய அவளுடைய ஓய்வூதியமும் அதோடு போயிற்று. எல்லாரும் தங்கள் தங்கள் கடலுக்குத் திரும்பினார்கள். கோதுமைக் கப்பல் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேச்சி அதைப் பார்த்தபடி பத்து வருஷத்தை நினைத்தாள். செவ்வந்திக்குப் பதினேழு ஆகியிருக்கும். பதினேழு வயதுப் பெண்ணும் டிவி அணையக் காத்திருந்து பாய் விரிப்பாள்.

வீட்டில் மகள் ஓடி வந்தாள். "அம்மா, ஜன்னல் வீடு எப்ப?"

"பாப்போம்," என்றாள் பேச்சி. மதினி அடுக்களையிலிருந்து பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் பகல் கொரற்றி இறால் தொக்கு கொண்டுவந்தாள். வழக்கம்போல அள்ளி அள்ளிப் போட்டாள். ஜுலைகா பழக்கதோஷத்தில் கையை விரிக்கப் போனவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"போதும்க்கா," என்றாள்.

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். மணி அடிக்கவில்லை. இனி அடிக்க அதற்கு என்ன இருக்கிறது? அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பேச்சிக்குப் பயமாக இருந்தது.

"எனக்கும் போதும்க்கா."

"ஐயோ போதும், வயிறு வெடிச்சுரும்!"

எத்தனையோ நாள் அடைத்து வைத்த சொல் மேசையைச் சுற்றிச் சர்வசாதாரணமாகப் புழங்கியது. தண்ணீர் ஊற்றும்போது சொன்னார்கள், ஊறுகாய்க்குச் சொன்னார்கள். ஒருத்தி வேண்டுமென்றே இரண்டு தடவை சொன்னாள். பறிபோக ஒன்றும் இல்லாதவர்கள் எதையும் சொல்லலாம்.

கொரற்றி பேச்சியின் பக்கம் வந்தாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. தட்டு நிறைந்துவிட்டது.

"சொல்லுட்டி," என்றாள் கொரற்றி மெதுவாக. "இனி என்ன இருக்கு, சொல்லு."

பேச்சி வாயைத் திறந்தாள். தொண்டைவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. மூன்றாவது கரண்டி இறங்கியபோது அவள் தட்டின் மேல் கையை விரித்தாள். தொக்கு கொதிக்கக் கொதிக்கக் கைமேல் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.