வரிக்கு மேல் ஒரு வரி

தாளில் ஒவ்வொரு வரிக்கும் மேலே, ஒரு நூல் தள்ளி, அதே வரி இன்னொரு முறை மங்கலாக விழுந்திருந்தது. ரிப்பன் பழசாகிவிட்டது என்று ஜோஸ்பின் புது ரிப்பன் மாட்டினாள். அப்படியும் போகாததால் மெக்கானிக் பீர் முகமதுவுக்குச் சொல்லி அனுப்பினாள். திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையில் அவள் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒன்பது மிஷின்கள். 1999 ஜூலை அது. அடுத்த மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பீர் முகமது ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, திருகாணிகளைக் கழற்றித் துடைத்து மாட்டி, வெள்ளைத் தாளில் ஒரு வரி அடித்துக் காட்டினார்.

"மிஷினுல ஒரு கோளாறும் இல்ல டீச்சர். ஒத்த வரிதான் விழுகுது."

அவளுக்கு அதுவும் இரண்டாகத்தான் தெரிந்தது. மற்ற எட்டு மிஷின்களும் தகரக் கூரையில் கல் மழை பெய்வதுபோல் இரைந்துகொண்டிருக்க, மை வாடையும் எண்ணெய் வாடையும் மூக்கில் ஏற, எரிச்சல் தாங்காமல் இடது கண்ணைப் பொத்தினாள். மேல் வரி போய்விட்டது. கையை எடுத்தாள். திரும்ப வந்துவிட்டது.

டவுனில் முதலில் பார்த்த டாக்டர் அலர்ஜி என்று சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்தவர் கண்ணாடியை மாற்றினார். மூன்றாமவர் சைனஸ் என்று மூக்குக்கு எழுதினார். கண்ணாடி முன்னால் நின்று ஜோஸ்பின் தானே கண்டுபிடித்த ஒன்றை மூவரிடமும் சொன்னாள். இடது மேல் இமை தடித்து லேசாக இறங்கியிருந்தது. அதை விரலால் நன்றாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால், உள் மடிப்பில், தோல் உரித்த மீன் சதைபோல் வெளிர்சிவப்பாக, ஈரமாக, மெத்தென்று ஏதோ படர்ந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பேனா எழுதத் தொடங்கிவிடும். ஒருவர்கூட அந்த இமையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கணவன் சூசை கொடைரோடு ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. நல்ல மனுஷன்தான். ஆனால் அவனும், வலி இல்லையென்றால் பின்னே என்ன என்றுதான் கேட்டான். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதை எதன்மேலாவது எறியத் தோன்றும் அவளுக்கு.

அக்டோபரில் சூசையும் இரண்டானான். ஒருவன் தரையில் நின்றான். மற்றவன் ஒரு சாண் மேலே, சற்றே சாய்ந்து, கால் எதிலும் படாமல் நின்றான். இருவரும் ஒன்றாகச் சோறு பிசைந்தார்கள், ஒன்றாகச் சிரித்தார்கள். கண்ணைப் பொத்தினால் மேலே இருப்பவன் போய்விடுவான். பகலெல்லாம் பொத்திப் பொத்தி அவள் கன்னத்தில் விரல் தடம் பதிந்துவிட்டது.

மதுரையில் ஒரு பெண் டாக்டர்தான் முதல் காரியமாக இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"வலி இல்லங்கறதுதான்ம்மா எனக்குப் பிடிக்கல," என்றார்.

ரத்தத்தில் காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் அங்கே கூடியிருக்கலாம் என்று விளக்கினார். பல வகை அணுக்கள் கலந்திருந்தால் வெறும் வீக்கம். ஒரே அணு தன்னைத் தானே நகலெடுத்துப் பெருகியிருந்தால் அது லிம்போமா என்கிற புற்று. சீக்கிரம் தெரிந்தால் கதிர் வைத்துக் கட்டுப்படுத்தலாம். ஆனால் சதையை எடுத்துச் சோதிக்காமல் எதுவும் செய்ய முடியாது. அன்றே கிள்ளி எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. துணுக்கு சிறிது, நசுங்கிவிட்டது, எதுவும் உறுதியாகச் சொல்வதற்கில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும். ஜோஸ்பின் அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். ஒவ்வொரு முறையும் வரிக்கு மேல் வரி. எல்லாரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

இரண்டாவது தடவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருந்த வாரத்தில், சாயங்காலம் சூசை தும்மினான். மேலே இருந்தவன் சற்றுத் தாமதித்துத் தும்மினான். மனப்பிரமை என்று தள்ளிவிட்டாள். மறுநாள் சூசை செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்குத் திரும்பியபோது மேலே இருந்தவன் திரும்பவில்லை. அவளைப் பார்த்தபடியே நின்றான். பிறகு போனான்.

டாக்டரிடம் போனில் சொன்னாள். அப்படி நடக்க வழியே இல்லை என்றார் அவர். இமைக்குப் பின்னால் இருப்பது விழியைக் கீழே அழுத்துகிறது, அதனால் ஒன்றையே இரண்டு இடத்தில் பார்க்கிறாள். "ரெண்டு கண்ணும் தெறந்திருந்தாத்தாம்மா ரெண்டாத் தெரியும். ஒண்ண மூடுனா ஒண்ணுதான்."

இந்த முறை ஆழமாக வெட்டி எடுத்தார்கள். இடது கண்ணில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி போட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது உலகம் ஒற்றையாக இருந்தது. ஒரு சாலை, ஒரு மலை, பக்கத்தில் ஒரே சூசை. பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டில் கால் வைத்ததும் கரண்ட் போனது. மணி ஏழு. கட்டிலில் படுத்தாள். பிளாஸ்திரியின் ரப்பர் வாடை, டிஞ்சர் வாடை, முன்னறையில் உறை போட்ட மிஷின்கள் மேல் எங்கோ ஒரு பல்லியின் சத்தம். சூசை மெழுகுவர்த்தியும் பால் தம்ளருமாக வந்தான்.

இரண்டு பேர் வந்தார்கள்.

பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தாள். பிரியவில்லை. இறுக்கமாகத்தான் இருந்தது.

கீழே இருந்தவன் கையில் தம்ளர் இருந்தது. மேலே இருந்தவன் கையில் ஒன்றும் இல்லை. அவன் கண்கள் மூடியிருந்தன.

"செத்த நேரம் தூங்கு. நான் முன்னாடிதான் இருக்கேன்," என்றான் சூசை.

"என்னங்க, போகாதீங்க," என்றாள். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை.

வெளிச்சம் நகர்ந்தது. செருப்புச் சத்தம் முன்னறைக்குப் போனது. நாற்காலி இழுபட்டது. மேலே இருந்தவன் போகவில்லை. இருட்டிலும் தெரிந்தான்.

வலது கண்ணையும் மூடினாள்.

கட்டில் மறைந்தது. சுவர் மறைந்தது. அவன் மறையவில்லை.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். தலையணையில் முகத்தைப் புதைத்தாள். அங்கே, இன்னும் கிட்டத்தில். முகம் மட்டும். வாய் திறந்து கத்தினாள். முன்னறையில் நாற்காலி சரிய, சூசை ஓடி வரும் சத்தம் கேட்டது.

அந்த முகம் மெதுவாகக் கண்களைத் திறந்தது.