பச்சை அட்டை

பெட்டிக்குள் வைத்திருந்த பஞ்சு ஈரமாக இருந்தது. மரப்பெட்டியின் முத்திரை உடையவில்லை, ஆணிகூட அசையவில்லை. அப்படியிருக்க உள்ளே எப்படி ஈரம் வரும் என்று உதிரிபாகக் கிடங்கின் சோதனைக்காரி குனிந்து முகர்ந்து பார்த்தாள். உப்பு வாடை அடித்தது.

உள்ளே இருந்தது மின்னணுப் போர் விமானத்தின் காது. எதிரியின் ரேடார் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டுச் சொல்லும் கருவி. பஞ்சை விலக்கி எண்ணைப் படித்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். 417.

417 கடலடியில் கிடக்க வேண்டியது. சூட்டு அடுப்பில் நாலு மணி நேரம் ஓட்டிப் பார்த்துத் தேறினால் பச்சை அட்டை, தேறாவிட்டால் சிவப்பு, அதுதான் கிடங்கின் சட்டம். ஆறு வாரத்துக்கு முன்னால், அவசரம் என்று இதே 417-ஐ அரை மணியிலேயே நிறுத்திவிட்டு, நாலு மணி என்று எழுதிப் பச்சையைக் கட்டினாள். அன்றைக்கும் 'வாயாடி' ஜன்னலில் தலையை நீட்டினான், விமானத்தில் இந்தக் கருவிக்கு முன்னால் உட்காருகிறவன்.

"அக்கா, பச்சை கட்டியாச்சா? நம்பிப் போலாமா?"

"போடா. நான் கட்டினா கட்டினதுதான்."

அந்த விமானம் கடலில் விழுந்தது. போன நாலு பேரும் திரும்பவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் அவளுடைய காகிதங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"நம்பரைத் தப்பா அடிச்சிருப்பாங்கம்மா," என்றார் மேற்பார்வையாளர், எட்டிக்கூடப் பார்க்காமல். "சாயங்காலம் இன்னொரு விமானம் கிளம்பணும். நாலு பசங்க காத்துக்கிட்டிருக்காங்க. சட்டுனு கட்டிக் குடுங்க."

"இந்தத் தடவை நாலு மணி நேரமும் ஓட்டித்தான் சார் கட்டுவேன்."

"இந்தத் தடவைன்னா?"

அவள் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு செம்பு அறைக்குப் போனாள்.

சுவர், கூரை, கதவு எல்லாம் செம்புத் தகடு போர்த்திய அறை அது. வெளியிலிருந்து எந்த அலையும் நுழையாது, செல்போன் வாசலிலேயே செத்துப்போகும். நட்டநடுப் பகலில்கூடத் தன் மூச்சு மட்டும் கேட்கும் அந்த அறையில், கதவின் நெம்புகோலை இறக்கி, கருவியை அடுப்புக்குள் வைத்து வயர்களை மாட்டி ஸ்விட்சைப் போட்டபோது, திரையின் வட்டம் காலியாகத்தான் இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பத்து நிமிஷத்தில் வட்டத்தின் கீழோரத்தில் ஒரு புள்ளி வந்தது.

அவளுக்கு நேர் பின்னாலிருந்து ஏதோ வருகிறது என்று அர்த்தம். திரும்பினாள். செம்புச் சுவர். மறுபடி திரையைப் பார்த்தாள். புள்ளி நெருங்கியிருந்தது. ஸ்விட்சை அணைத்தாள், வயரையும் பிடுங்கினாள்.

புள்ளி போகவில்லை.

ஸ்பீக்கரில் தண்ணீர் புரளும் ஓசை. அதற்குள் யாரோ மூச்சுக்குத் தவிக்கிற ஓசை. கதவுக்கு ஓடினாள். நெம்புகோல் ஈரமாக இருந்தது. அசையவில்லை. அறைந்தாள். கத்தினாள். செம்பு சத்தத்தை விழுங்கியது.

"அரை மணிதான்டா ஓட்டினேன்!" என்று அழுதாள். "பொய்தான் எழுதினேன். என்னை மன்னிச்சிடுடா!"

ஓசை நின்றது.

அப்பாடா என்று கதவில் சாய்ந்தாள். இதற்குச் சிவப்பைத்தான் கட்ட வேண்டும். சாயங்காலம் கிளம்பும் நாலு பேராவது பிழைக்கட்டும். சிவப்பு அட்டையை எடுக்கக் கையை நீட்டினாள்.

மணிக்கட்டில் ஏதோ குளிர்ந்தது.

பச்சை அட்டை. ஈரக் கயிறு. அவள் வழக்கமாகப் போடும் இரட்டை முடிச்சு. அவள் கையெழுத்து.

'நாலு மணி நேரம் சோதித்தது. பறக்கலாம்.'

புள்ளி வட்டத்தின் நடுவில் நின்றது. காலடியில் தண்ணீர். காதோரம் உப்பு வாடை.

"பச்சை கட்டியாச்சுக்கா. போலாமா?"