பேசாத நடுகற்கள்

மாலைக் கதிரவன் மேற்கு மலையின் தோளில் சாய்ந்த அதே நாழிகையில் கீழ்த்திசையில் முழுமதி எழுந்தது. இரண்டு ஒளிகளும் ஒருங்கே படிந்த பொன்முகி ஆறு, பாதி செம்பும் பாதி வெள்ளியுமாக உருகி ஓடியது. ஆனால் அந்த அழகை நின்று பார்க்க அன்று யாருக்கும் மனமில்லை. வடகரை நெடுகிலும் கூடாரங்கள் முளைத்திருந்தன. கருவேங்கை நாட்டின் இரண்டாயிரம் வீரர்கள் ஆற்றைக் கடந்து தென்கரையிலுள்ள நீலவாய் நாட்டின்மேல் பாய்வதற்கு ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தச் சொல்லை மன்னன் சொல்ல முடியாது, அன்பு வாசகர்களே! ஆற்றைக் கடக்கும் துறைக்கு மேலேயிருந்த குன்றில் கல்மொழியர் என்றொரு குலத்தார் வாழ்ந்தனர். போரில் மாண்ட வீரர்களுக்கு நட்ட முந்நூறு நடுகற்கள் அவர்கள் காவலில் நின்றன. அந்தக் கற்களில் உறையும் முன்னோரின் குரல் கல்மொழியரின் செவிக்குக் கேட்கும். முன்னோர் விடை கொடுக்காமல் எந்தப் படையும் பொன்முகியைக் கடப்பதில்லை. இது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இப்போது அந்தக் குலத்தின் கட்டுவிச்சியாக இருந்து கற்களின் சொல்லை உலகுக்கு உரைப்பவள் நறுவீ. வயது இருபத்திரண்டு.

அந்த நறுவீ, இருள் கவியத் தொடங்கிய கல்வனத்தில், மிகப் பழைய நடுகல்லின்மேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏழு திங்களாயிற்று, ஐயா! நான் செய்த பிழை என்ன? பிழை என்னுடையதானால் என்னைத் தண்டியுங்கள். இன்று ஒரு நாள், ஒரே ஒரு சொல் பேசுங்கள்!"

கல் பேசவில்லை. சிறுமியாக இருந்தபோது தேனடையில் வண்டுகள் இரைவதுபோல் ஓயாமல் அவளுக்குக் கேட்ட குரல்கள் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து, சென்ற கார்காலத்தோடு அடியோடு நின்றுபோயிருந்தன. அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. குலம் முழுவதற்கும் கேட்பது தனக்கு மட்டும் கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வாள்?

"அம்மையே, அழ வேண்டாம்" என்று அருகிலிருந்த பாறைப் பிளவிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது நடுகல்லின் குரலன்று. மூன்று நாள்களுக்கு முன் வெள்ளத்தில் அடிபட்டுக் கரை ஒதுங்கிய இளைஞன் ஒருவனை அவள் அங்கே ஒளித்துவைத்துக் காயத்துக்குப் பச்சிலை கட்டி வந்தாள். உப்பு விற்கும் வணிகன் என்றும், பெயர் வெளியன் என்றும் அவன் சொல்லியிருந்தான். தென்கரையிலிருந்து யார் வந்தாலும் அம்பெய்து கொல்லும்படி மன்னனின் ஆணை இருந்ததால், அவனை வெளியே விட அவளுக்கு மனம் வரவில்லை. அது மட்டுமே காரணமா என்று அவளிடம் கேட்டிருந்தால் அவள் முகம் சிவந்திருக்கும்.

"கேட்டுவிட்டீரா?" என்று நறுவீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டுவிட்டேன், பொறுத்தருள வேண்டும். ஆயினும் ஒன்று சொல்கிறேன். தங்களுக்குக் குரல் கேட்கவில்லை என்பது எவருக்கும் தெரியாது. இன்று முன்னோரை அழைக்கும் வெறியாட்டில், 'போர் வேண்டாம், திரும்பிப் போ' என்று முன்னோர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். இரு கரையிலும் எத்தனை உயிர்கள் பிழைக்கும்!"

அவன் சொன்னது அவள் உள்ளத்திலும் பலமுறை எழுந்த எண்ணந்தான்.

"இன்று நன்மைக்காகச் சொல்வேன். நாளை வேறொருவர் வாளைக் காட்டி வேறொரு பொய்யைக் கேட்பார். அப்போது மறுக்க எனக்கு என்ன தகுதி இருக்கும்?" என்றாள். "இறந்தவர்கள் எழுந்து வந்து, 'நாங்கள் அப்படிச் சொல்லவில்லை' என்று மறுக்க முடியாதே, உப்பு வணிகரே!"

அவன் தலை குனிந்தான். கீழே துடி முழங்கிற்று. அவளை அழைத்துவிட்டார்கள்.

குன்றின் அடிவாரத்தில் பந்தங்கள் எரிந்தன. கருவேங்கை நாட்டின் இளம் மன்னன் வேள் சேந்தன் வெறுங்காலுடன் நின்றிருந்தான். அவனுடைய தந்தை மாக்கோடனார் பத்து ஆண்டுகளுக்கு முன் இதே துறையைக் கடந்து போரிட்டு மாண்டவர். அவர் உடலைப் பகைவர் நரிகளுக்கு எறிந்துவிட்டதாக வந்த செய்தி அன்று முதல் சேந்தனின் நெஞ்சில் நெருப்பாக எரிந்தது. இந்தப் படையெடுப்பு அந்த நெருப்பின் சுடர்தான்.

"கட்டுவிச்சி! என் தந்தையின் மானம் காக்கப் புறப்பட்டிருக்கிறேன். முன்னோர் விடை தருகிறார்களா?"

துடியை முழக்கிக்கொண்டிருந்த பூதனார் என்னும் குல முதியவர் கைகளை நிறுத்தினார். எல்லாக் கண்களும் நறுவீயின்மேல் நிலைத்தன. அவள் கையிலிருந்த வேப்பிலைக் கொத்தைத் தரையில் வைத்தாள்.

"அரசே, எனக்கு எதுவும் கேட்கவில்லை. இன்று மட்டுமன்று, ஏழு திங்களாகக் கேட்கவில்லை. என் குலத்தார் என்னை விலக்கிவிட்டுத் தகுதியுள்ள வேறொருத்தியைத் தேர்ந்துகொள்ளட்டும்."

கூட்டம் திகைத்தது. அப்போது ஒருவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பூதனார் தம் துடியைத் தோளிலிருந்து கழற்றினார்.

"உன்னை விலக்குவதானால் என்னையும் விலக்க வேண்டும், மகளே. எனக்குக் கேட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளாயிற்று. உங்களுக்கெல்லாம் கேட்கிறதே என்று வெட்கத்தில் வாய் திறவாமலிருந்தேன்."

"எனக்கு ஆறு ஆண்டுகள்!" என்றாள் ஒரு பெண், விம்மலுக்கிடையே. "எனக்கு ஒரு நாளும் கேட்டதேயில்லை!" என்றான் வேறொருவன். ஒருவர் பின் ஒருவராகக் கல்மொழியர் எழுந்து சொன்னார்கள். தனித்தனியே சுமந்த வெட்கம் இறங்கியதும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு அழுதார்கள். சிலர் அழுகையினூடே சிரிக்கவும் செய்தார்கள்.

சேந்தன் சிரிக்கவில்லை. "பன்னிரண்டு ஆண்டுகளா?" என்று அவன் கேட்ட குரலில் பந்தங்களும் நடுங்கின. "பத்து ஆண்டுகளுக்கு முன் என் தந்தை உங்கள் சொல்லை நம்பியல்லவா ஆற்றைக் கடந்தார்! அன்று சொன்னவள் யார்?"

"என் தாய்" என்றாள் நறுவீ. "அவளுக்கு அன்று கேட்டதா, இல்லையா என்று எனக்குத் தெரியாது, அரசே. அவள் இன்று இல்லை. தண்டிக்க வேண்டுமானால் நான் இருக்கிறேன்."

மன்னனின் வாள் உறையிலிருந்து பாதி வெளியே வந்தது. அவ்வளவில், காலை இழுத்து இழுத்து நடந்துவந்த ஒருவன் அவ்விருவருக்கும் நடுவே நின்றான். வீரர்கள் வேல்களை ஓங்கினர்.

"வேள் சேந்தரே! உம் ஆணையைக் கேட்டும் ஆற்றை நீந்தி வந்தவன் நான். முன்பு நாங்கள் அனுப்பிய தூதன் நடு ஆற்றிலேயே உம் அம்புக்கு இரையானான். அதனால் உப்பு வணிகன் என்று பொய் சொல்லி வந்தேன். நான் நீலவாய் மன்னரின் தம்பி, இளவெளியன்!"

நறுவீ சட்டென்று அவனை நோக்கினாள். அந்தப் பார்வையைச் சந்திக்க அவனுக்குத் துணிவில்லை. இடைக்கச்சையை அவிழ்த்து ஒரு பொன் தோள்வளையை எடுத்து மன்னனிடம் நீட்டினான்.

சேந்தன் அதை வாங்கிப் பந்தத்தின் ஒளியில் திருப்பினான். வளையின் ஓரத்தில் சிறு பற்களின் தடம் பதிந்திருந்தது. பல் முளைத்த பருவத்தில் தந்தையின் தோளில் தொங்கிக்கொண்டு அதைக் கடித்தவன் அவன்தான்.

"உம் தந்தையை நாங்கள் நரிகளுக்கு எறியவில்லை" என்றான் இளவெளியன். "எங்கள் கரையில் அவருக்கு நடுகல் நட்டிருக்கிறோம். ஒவ்வொரு முழுமதியன்றும் என் தமையனார் தம் கையாலேயே பூச்சூட்டுகிறார். அவரைப் போன்ற வீரரை எதிர்த்ததே பெருமை என்பார். மகன் வந்து ஒரு பிடி நீர் வார்க்க வேண்டும் என்று அழைக்கவே நான் வந்தேன். நம்பாவிட்டால் இந்த வாளை என்மேல் வீசும். இந்த அம்மையைத் தொடாதீர். தம்மைக் காத்துக்கொள்ளக்கூடப் பொய் சொல்லாதவர் இவர்."

பாதி வந்த வாள் உறைக்குள் திரும்பிப் போயிற்று. மன்னன் அந்தப் பல் தடத்தை விரலால் தடவினான்.

மறுநாள் காலை, படைகள் கரையிலேயே நிற்க, இளவெளியன் வழிகாட்ட, சேந்தன் ஆயுதமின்றி ஆற்றைக் கடந்தான். உடன் வரும்படி அவன் கேட்டுக்கொண்டது நறுவீயைத்தான். தென்கரையில் ஒரு வேங்கை மரத்தடியில், வேலேந்திய வீரனின் உருவம் செதுக்கிய கல் நின்றது. அதன்மேல் முந்தைய நாள் சூட்டிய மாலை இன்னும் வாடாமலிருந்தது. நீலவாய் மன்னர் சற்றுத் தொலைவில் தலை வணங்கி ஒதுங்கி நின்றார்.

சேந்தன் நீர் வார்த்தான். பிறகு குழந்தையைப்போல் நறுவீயை நோக்கி, "ஏதேனும் சொல்கிறாரா?" என்று கேட்டான்.

அவள் கல்லில் கை வைத்துக் கண்களை மூடினாள். மரத்தில் ஒரு குயில் கூவிற்று, ஆறு சலசலத்தது. "எதுவும் கேட்கவில்லை, அரசே."

"சரி" என்று சேந்தன் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்தான். "அப்படியானால் நான் பேசுகிறேன். அவர் கேட்கட்டும்."

தாய் நலமாயிருப்பதைச் சொன்னான். தங்கைக்கு மணமானதையும் அவளுக்கு மகன் பிறந்து பாட்டனின் பெயரையே சூட்டியதையும் சொன்னான். பத்து ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் வெயில் ஏறும்வரை சொன்னான். எழுந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. கல்லின்மேல் கை வைத்து, "நான் உயிரோடிருக்கும்வரை இந்தத் துறையை வேலேந்தியவரின் காலடி கடக்காது. இது என் தந்தைமேல் ஆணை!" என்று சூளுரைத்தான். நீலவாய் மன்னரும் முன்வந்து அவன் கைமேல் தம் கையை வைத்தார்.

இளவெளியன் நறுவீயின் அருகே தயங்கித் தயங்கி வந்தான். "பெயரில் பாதியை மறைத்தேன். கோபமா?"

"பாதியைத்தானே மறைத்தீர்; பாதிக் கோபம்" என்றாள் அவள். பிறகு வேங்கை மரங்களுக்கு அப்பால் வரிசை வரிசையாகத் தெரிந்த கற்களைப் பார்த்தாள். "அவையெல்லாம் யாருடையவை?"

"எங்கள் கரையில் விழுந்த உங்கள் வீரர்களுடையவை. நூற்றுக்கும் மேல் இருக்கும். அவர்கள் அணிந்திருந்த அடையாளங்களைச் செதுக்கினோம்; பெயர் எங்களுக்குத் தெரியாது."

நறுவீ நிமிர்ந்தாள். ஏழு திங்களாக அவள் கண்களில் இல்லாத ஒளி அப்போது வந்தது. "எங்கள் குலத்தாருக்குத் தெரியும். யார் எந்தப் போரில் எந்த அடையாளத்தோடு போனார்கள் என்று பாட்டாகவே வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரின் வீட்டாரையும் தேடிப்பிடித்து இங்கே அழைத்து வருவேன். அவர்கள் வந்து பேசட்டும். கடைசிக் கல்லுக்கும் அதன் சொந்தம் வரும்வரை ஓயமாட்டேன். இது என் சபதம்!"

"அதற்குப் பல ஆண்டுகள் ஆகுமே!" என்றான் இளவெளியன். மகிழ்ச்சியை மறைக்க அவன் செய்த முயற்சி சிறிதும் பலிக்கவில்லை.

"ஆகட்டும். துறையில் ஓடம் கிடைக்குமல்லவா?"

"கிடைக்கும். ஒவ்வொரு முறையும் நானே வந்து தள்ளுவேன். தாங்கள் சபதம் செய்தீர்கள் அல்லவா? இது என்னுடையது!" என்றான் நீலவாய் நாட்டின் இளவரசன்.