ஓரத்துக்குப் போகாத பச்சை

"ஐயய்யோ...!"

பெருக்க வந்த அஞ்சம்மாள் போட்ட அலறல், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கெங்கம்மாள் வந்தபோது, மருந்துக் கம்பெனி முதலாளி துளசிராமன் குளிர் அறையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ஸ்பேனர் அடி. பத்து மணிக்கு யாரோடோ பேசிய போன் பாதியில் அறுந்திருந்தது.

பத்து மணிக்குக் கம்பெனிக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். ஆராய்ச்சியாளர்கள் மணிகண்டன், ஜபீன்.

"நேத்து இந்தப் பொண்ணு மொதலாளிகூட சண்ட போட்டுக்கினு இருந்துச்சாம் மேடம். ஜீப்புல ஏத்திடவா?" என்றார் ஏட்டு லோகு.

ஜபீன் ஓரடி பின்வாங்கினாள். அடுத்த வாரம் பழவேற்காட்டில் அவளுக்கு நிக்காஹ். கையில் விலங்கு ஏறினால் மருதாணி எதற்கு?

"பத்து மணிக்கு எங்கம்மா இருந்த?"

"செல் வளக்கற ரூம்ல... தனியா..."

"சாட்சி?"

"யாருமில்ல மேடம்."

மணிகண்டனிடம் தடுமாற்றமே இல்லை.

"நான் மைக்ராஸ்கோப்ல இருந்தேன் மேடம். பத்து மணிக்கு செல்லுக்கு இன்சுலின் ஊத்தி வீடியோ எடுத்தேன். நடுவுல எழுந்திரிக்கவே முடியாது. பாருங்க!"

திரையில் ஒரு செல். உள்ளே பச்சை வெளிச்சம் பரவிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தனையும் விளிம்புக்கு ஓடி ஒட்டிக்கொண்டது!

"இன்னாம்மா இது?"

ஜபீன் கண்ணைத் துடைத்தாள். "செல்லோட தோல் கொழுப்பால ஆனது மேடம். வெளிய இன்சுலின் வந்தா, தோலோட உள்பக்கம் ஒரு தனி ரகக் கொழுப்பு உண்டாகும். செல்லுக்குள்ள மெதக்கற இந்தப் புரோட்டீன்ல ஒரு கொக்கி இருக்கு. அந்தக் கொழுப்பை மட்டும்தான் புடிக்கும். அது ஓரத்துல போய் நின்னாதான் 'வளரு'ங்கற உத்தரவு போகும். பச்சை, அந்தப் புரோட்டீன் மேல நாங்க ஒட்டின அடையாளம்."

"அப்போ படம் சரியாத்தான ஓடுது?"

"ரொம்ப சரியா ஓடுது மேடம். அதான் தப்பு!"

லோகு தலையைச் சொறிந்தார்.

"செல் வளக்கற தட்டு மேல நம்பர் மட்டும்தான் போடுவோம். உள்ள எந்த செல்னு படம் எடுக்கறவருக்குச் சொல்ல மாட்டோம். மனசு ஒரு பக்கம் சாயக்கூடாதுல்ல? நேத்து மொதலாளி சார், கொக்கி உடைஞ்ச புரோட்டீன் இருக்கற செல்லை இவர் தட்டுல வைக்கச் சொன்னாரு. மணிகண்டன் மேல சந்தேகம். 'கூட வேலை செய்யறவரை ஏமாத்த மாட்டேன்'னு கத்துனேன். கடைசில வெச்சேன். இன்னிக்குப் பச்சை ஓரத்துக்குப் போயிருக்கவே கூடாது மேடம்."

"புளுகுறா மேடம்!" என்றான் மணிகண்டன்.

"அதே தட்டுல செல் இருக்கற மீதிக் குழிங்க இருக்குல்ல? நீயே இன்சுலின் ஊத்துப்பா. புது பாட்டிலை உடை," என்றார் கெங்கம்மாள்.

மணிகண்டன் ஊற்றினான்.

காத்திருந்தார்கள்...

பச்சை அசையவில்லை.

இன்னும் ஊற்றினான்.

ம்ஹூம்!

அதே பாட்டிலிலிருந்து ஜபீன் பக்கத்துத் தட்டின் சாதாரண செல்லுக்கு ஒரு சொட்டு விட்டாள். அங்கே பச்சை நேராக விளிம்புக்கு ஓடியது.

"அப்போ நீ காட்டுன படம்?"

மணிகண்டன் திரையை அணைத்தான். "பழசு... இத்தினி நாளும் பழைய படத்ததான் புதுசுன்னு காட்டிக்கினு இருந்தேன். இன்னிக்கு மொதலாளி, 'என் எதிர்ல எடு'ன்னாரு. மாட்டிப்பேன்னு... ஸ்பேனர் கையில கெடைச்சுது மேடம்..."

ஜபீன் அழுதே விட்டாள். இந்த முறை நிம்மதியில்.

ஜீப் கிளம்பியது. லோகுவுக்குக் கவலை தீரவில்லை.

"மேடம், புரோட்டீன சாட்சின்னு சொன்னா ஜட்ஜ் ஒத்துக்குவாரா?"

"ஏன்யா ஒத்துக்க மாட்டாரு? என் சர்வீஸ்ல, இவ்ளோ ஊத்தியும் கட்சி மாறாத சாட்சி இது ஒண்ணுதான்!"