பச்சை மெழுகு

குன்வோர் நிலவறை விளக்கைப் போட்டபோது வேலைமேசைக்கு அடியில் பென்சில் சீவல்போல மெழுகுச் சுருள்கள் கிடந்தன. அவள் எதையும் சுரண்டவில்லை. முதியோர் இல்லத்து வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மகள் சிவ்வின் பனிச்சறுக்குப் பலகைகளை, ஸ்கீகளை, சரிசெய்ய இறங்கியிருந்தாள். நாளை பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் மலைக்குப் போகிறார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க மகளைப் பனிப்பக்கமே விடாத குன்வோர், நேற்றுதான் அரைமனதாகத் தலையாட்டியிருந்தாள். இருந்த கணவனைத்தான் மலை எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி.

போன ஈஸ்டரில் எய்லர்ட் மலைக்குப் போனான், திரும்பவில்லை. ஏரிக்கரையில் அவனுடைய ஸ்கீகள் மட்டும் பனியில் குத்திவைத்தபடி நின்றன. பக்கத்தில் ஒரு காலடிகூட இல்லை. தேடப் போனவர்கள் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, அன்றிலிருந்து எதுவுமே உறைப்பதில்லை. பருவம் முடிந்தால் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தாள். அவனுடைய ஸ்கீகளின் அடிப்பக்கத்தில் கெட்டியாக மெழுகை உருக்கி, இஸ்திரி போட்டு, சுரண்டாமல் சுவரில் மாட்டினாள். சுரண்டினால் புறப்படத் தயார் என்று அர்த்தம்.

இப்போது சுவரில் அந்த ஜோடி, மெழுகெல்லாம் சுரண்டிப்போய், கறுப்பாகப் பளபளத்தது. கால் வைக்கும் இடத்துக்குக் கீழே புதிதாகப் பச்சை மெழுகு. கடுங்குளிருக்கான மெழுகு அது, வெளியே மழை தூறும் நாளில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். தக்கையால் தேய்க்காமல் கட்டைவிரலால் தேய்த்திருந்தது. எய்லர்ட் அப்படித்தான் தேய்ப்பான், முதலில் தன்னுடையது, அடுத்து சிவ்வுடையது, கடைசியில் குன்வோருடையது. விரல் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடு.

பயப்படவேண்டும் என்று தோன்றியது, பயம்தான் வரவில்லை. சீவலைக் கூட்டி அள்ளினாள். சிவ்வின் ஸ்கீயில் கல் கீறிய பள்ளத்தில் பிளாஸ்டிக் குச்சியைக் கொளுத்திச் சொட்டுச் சொட்டாக நிரப்பி, ஆறியதும் சமமாகச் சீவினாள். ஈரப்பனிக்கான சிவப்பு மெழுகைத் தடவி, மேசைமேல் கிடத்திவிட்டு மேலே வந்தாள்.

சிவ் சமையலறையில் இலவங்கப்பட்டை தூவிய கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கீழே யாராவது வந்தார்களா என்று குன்வோர் கேட்டாள்.

"நீதானேம்மா கீழ இருந்தே? ஸ்கூல் விட்டு வந்ததுலேருந்து சுரண்டுற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. கூப்பிட்டா பதிலே சொல்ல மாட்டேங்குற."

"நான் இப்பதான்டி வேலைலேருந்து வந்தேன்."

சிவ் சிரித்தாள். அம்மா விளையாடுகிறாள் என்றே நினைத்தாள்.

அப்போது கீழே சுரண்டும் சத்தம் ஆரம்பித்தது. நுனியிலிருந்து வால்வரை ஒரே இழுப்பு, ஒரு நிதானம், மறுபடி இழுப்பு. ஸ்கீக்குப் பூசும் தாரும் சூடான மெழுகும் கலந்த வாசனை படியேறி வந்தது. சிவ்வின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அப்ப அது யாரும்மா?"

"நீ இங்கயே இரு கண்ணு. எழுந்திருக்காத."

குன்வோர் இறங்கினாள். சத்தம் நின்றது. விளக்கை அணைத்திருந்தாளா? நினைவில்லை. போட்டாள்.

கூட்டிய தரையில் மறுபடி சீவல். இந்தமுறை சிவப்பு.

சுவரில் அவனுடைய ஜோடி இல்லை. மேசையில் சிவ்வுடையதும் இல்லை. அங்கே குன்வோருடைய ஜோடி கிடந்தது, அடிப்பக்கம் மேலாக, மேசைப் பிடியில் இறுக்கிப் பூட்டியபடி. பக்கத்தில் மூடி திறந்த பச்சை மெழுகு.

மேலே வாசற்கதவு திறந்தது.

ஓடினாள். நாற்காலி காலி. கஞ்சியில் ஆவி. கதவு வழியே எலும்பைத் தொடும் குளிர்.

முற்றத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. வாசல் விளக்கின் கீழ், நனைந்த பனியில், இரண்டு ஜோடி ஸ்கீகள் குத்தி நின்றன. உயரமாய் ஒன்று. குட்டையாய் ஒன்று. இரண்டிலும் வெள்ளையாக உறைபனி.

பக்கத்தில் காலடி இல்லை.

சிவ் என்று கூப்பிட வாய் திறந்தாள். பயம் அப்போதுதான் வந்தது, மொத்தமாக.

கீழே, மேசைமேல், நுனியிலிருந்து வால்வரை, அவளுடைய ஸ்கீயைச் சுரண்டும் சத்தம் ஆரம்பித்தது.