மிளகாய்ப்பழச் சிவப்பு

தனசேகரனின் உயிருக்கு ஏழாயிரம் ரூபாய் என்று கண்ணாயிரம் விலை வைத்தான். முதலில் ஐயாயிரம்தான் சொன்னான். தனசேகரனின் மனைவி கிருஷ்ணவேணி வாய் திறக்காததைப் பார்த்து, பேரம் பேசுகிறாள் என்று நினைத்து அவனே ஏற்றினான். அவள் பேரம் பேசவில்லை. புருஷன் கடலோடு போன செய்தி வந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தாள்.

துப்பறிவாளர் தேவசகாயத்திடம் வந்தபோதும் அழவில்லை. கண்ணாயிரம் கொடுத்த தாளை மேசைமேல் வைத்தாள். 'என் கணவர் கூட்டாளியின் எச்சரிக்கையை மீறி, தாமாகவே ஆழத்துக்குப் போய் இறந்தார்' என்று அதில் இருந்தது.

"இதுல கையெழுத்து கேக்குறாரு. அவரா போனாரா, இவரு வுட்டுட்டு வந்தாரா? அது தெரிஞ்சா போதும் சார்."

தனசேகரன் கப்பற்படையில் முக்குளித்துப் பழகியவன். பட்டுக்கடை கண்ணாயிரத்துக்கும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். வருஷம் தவறாமல் இருவரும் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, ஆள் போகாத தீவுகளின் பவளப்பாறைகளைத் தேடிப் போவார்கள். 1972இல் அந்தமான் பக்கம் போனதுதான் கடைசி.

"காத்துக் குழாயை அறுத்துட்டிருப்பான் சார்!" என்று துள்ளினான் உதவியாளன் பழனி.

"உனக்கு எவன் செத்தாலும் கொலைதான்பா. வா, கடைக்குப் போவோம்."

கடையில் கண்ணாயிரம் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தான். டியூப்லைட்டில் நிறம் பிடிபடாமல் தயங்கிய அம்மாளைப் புடவையோடு வாசல் வெயிலுக்கு அழைத்துப்போனான். "இப்ப பாருங்கம்மா. விலையில பொய் சொல்லுவேன், கலர்ல சொல்லமாட்டேன்." அவர்கள் சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு தேவசகாயம், பழனி, கிருஷ்ணவேணி மூவரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னான்.

"நூத்திருவது அடி ஆழம். பாறைச் சுவரு நேரா எறங்குது. இவன் இன்னும் கீழ போய்க்கினே இருக்கான். வா வான்னு கை காட்டறேன். அவனும் கையை ஆட்டறான். கையில கட்டியிருந்த சிவப்புத் துண்டு மட்டும் தெரியுது. அப்பறம் அதுவும் இல்ல. எனக்குக் காத்து தீரப்போவுது, ஏறிட்டேன்."

"டார்ச் இருந்துச்சா முதலாளி?" என்றான் பழனி.

"பட்டப்பகல்ல டார்ச் எதுக்குபா?"

"துண்டு அரக்குச் சிவப்பா?" என்று கேட்டார் தேவசகாயம்.

"அரக்கா! என் கடைத் துண்டு சார் அது. சுத்தமான மிளகாய்ப்பழம். இன்னும் கண்ணுலயே நிக்குது."

"நிக்கும். அதை மட்டும்தான் நீங்க நெஜமா பார்த்தீங்க."

தேவசகாயம் தூத்துக்குடித் துறைமுகத்தில் முக்குளிப்பவர்களோடு வேலை பார்த்தவர். குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"வெயில்ல இருக்கிற சிவப்பைத்தான் தண்ணி முதல்ல குடிக்கும். நூத்திருவது அடியில, டார்ச் இல்லாம, உங்க மிளகாய்ப்பழம் கறுப்பாத்தான் தெரியும். அங்க ரத்தம் வந்தாலே கரும்பச்சையா இருக்கும். உங்களுக்கும் இது தெரியும். ஆனா ஆழத்துல பொய் சொன்ன வாய்க்கு, கலர்ல பொய் வரல. புடவையை வெயிலுக்குக் கொண்டுபோக இங்க வாசல் இருக்கு. அங்க கீழ வாசல் ஏது? தனசேகரன் மேல வந்துட்டார். தண்ணிக்கு மேல மிதந்து, வெயில்ல கையை ஆட்டியிருக்கார்."

கண்ணாயிரம் மடித்த புடவையையே மறுபடி பிரித்து மடித்தான்.

"நீரோட்டம் அவனை இழுத்துக்கினு போச்சு," என்றான் கடைசியில். "அலை பெருசாயிடுச்சு. அந்தப் பக்கம் போனா பாறையில மோதிடும்னு படகுக்காரன் கத்தறான். நான்தான்... திருப்புன்னேன். அலை அடங்கினதும் காலையில வந்து தூக்கிக்கலாம்னு."

"காலையில?"

"யாருமில்ல."

பழனி எதையோ சொல்ல வாயெடுத்தான். தேவசகாயம் அவன் தோளைத் தொட்டார்.

"கையை ஆட்டிக்கினே இருந்தாரா?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி.

"ஆமாம்மா."

அவள் தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை அவன் முன் நகர்த்தினாள். சரக்கு எண்ணிச் சொல்பவளைப்போல் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்:

"நான் சொல்றதை எழுதி, கீழ நீங்க கையெழுத்து போடுங்க. தண்ணிக்குள்ள போனது ரெண்டு பேரு. மேல வந்தது ரெண்டு பேரு. கரைக்கு வந்தது ஒருத்தரு."